பக்கத்துக் கோப்பு

1. அப்பா ஜெலுத்தோங்கில் பிறந்தார். அவருடைய அப்பா பஸ் ஓட்டுநர்.
2. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து முடித்தார்.
3. ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் சொந்தமாக அலுவலகம் திறந்தார்.
4. ஒரு தவணை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.
5. அடுத்த தேர்தலில் கட்சி அந்தத் தொகுதியில் வேறொருவரை நிறுத்தியது.
6. அப்பா மறுபடி முழுநேர வழக்கறிஞரானார்.
7. பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று.
8. பதினான்கு மாதம் கழித்து இறந்தார்.

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். ஒருவருக்கு அரைப் பக்கம். விவரம் அனுப்பச் சொல்லி எனக்கு எழுதியிருந்தார்கள். மேலே உள்ள எட்டு வரிகளைத்தான் அனுப்பினேன். தெளிவாக இருக்கிறது, ஒரு புகைப்படமும் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

ஏழாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் நடுவே நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. மலரில் அதற்கு இடமில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவார்கள். பதவி போன பிறகும் ஜெலுத்தோங் பசாரில் அப்பாவுக்கு அந்தப் பெயர் போகவில்லை. மீன்கடைக்காரர் பாதி மீனை வெட்டிக்கொண்டே, "ஒய்.பி., எங்க வீட்டுப் பக்கம் மறுபடியும் லோங்காங் அடைச்சிருச்சு லா" என்பார். லோங்காங் என்றால் சாக்கடை. அப்பாவும் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக் குறித்துக்கொள்வார். அதைச் செய்ய வேண்டிய ஆள் இப்போது வேறொருவர் என்பது இருவருக்கும் தெரியும்.

"சட்டமன்றத்துக்குப் போயி அஞ்சு வருஷமும் சாக்கடையப் பத்தியே பேசிட்டு வந்த மனுஷன்" என்று அம்மா கேலி செய்வார்.

"அது அடைச்சா ஒன் அடுப்படிக்குத்தான் மொதல்ல தண்ணி வரும்" என்பார் அப்பா.

வேட்பாளர் பட்டியலில் தன் பெயர் இல்லை என்பதை அப்பா காலைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மீதமிருந்த ஒரு கைக்கும் இஸ்திரி போட்டு முடித்தார். பிறகு அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு, தன் இடத்தில் நிறுத்தப்பட்டவருக்கு வாழ்த்துச் சொல்லப் போனார். பழைய தேர்தல் பதாகை ஒன்றை எதிர்வீட்டு அண்ணன் தன் மோட்டார் சைக்கிளுக்குப் போர்வையாக்கிக்கொண்டார். பல வருஷம் மழையிலும் வெயிலிலும் அப்பா அதன்மேல் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் போனாலும் என் மூஞ்சி சேவை செய்யுது பாரு" என்று எங்களுக்குக் காட்டுவார்.

சேவை மையத்தைக் காலி செய்தபோது மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். கோப்புகளை மட்டும் கொண்டுவந்தார். பெரும்பாலும் சிவப்பு அட்டைக்காரர்களின் கோப்புகள்.

நீல அடையாள அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு அட்டை நிரந்தரவாசிகளுக்கு. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து கை தேய்ந்தும், பிறந்ததைக் காட்ட ஒரு காகிதம் இல்லாததால் சிவப்பு அட்டையோடு நிற்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர், அல்லது அந்தக் குடும்பத்தை அப்போதே அறிந்தவர், யாராவது சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பத்துக்கு நிற்க ஒரு கால் கிடைக்கும். அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அப்பா செய்த வேலை. அதற்கு அவர் யாரிடமும் கட்டணம் வாங்கியதில்லை. வெட்டுக்குத்து வழக்கு, பத்திரம், விவாகரத்து எல்லாம் அதற்கு நடுவில்தான்.

அவர்களில் ஒரு அக்கா, ஜெலுத்தோங்கில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்பா நின்ற தேர்தலன்று காலையிலிருந்து மாலை வரை எங்கள் கூடாரத்தில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார். "என் ஓட்டு ஒய்.பி. அண்ணனுக்குத்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டே கிடையாது.

"ஒன் ஓட்டு வர்ற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருக்கணுமாம்மா?" என்றார் அப்பா.

"நில்லுங்கண்ணே. வயசா ஆயிருச்சு ஒங்களுக்கு?"

அவருடைய விண்ணப்பம் ஒரு தடவை நிராகரிக்கப்பட்டது. அப்பா மறுபடி போட்டார். இந்த முறை சாட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னார். யார் என்று அவரும் கேட்கவில்லை.

நான் ஜுருவில், காருக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவுப் பொறியாளர். தினமும் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போய் வருகிறேன். எண் இல்லாத காகிதம் எங்கள் தளத்தில் இருக்கக் கூடாது. தேதி முடிந்த காகிதமும் இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வீட்டிலும் நான் அப்படித்தான். மசாலா டப்பாக்களில் பெயர் ஒட்டியது நான். "இந்த வீட்ல லேபல் ஒட்டாம இருக்கறது நான் ஒருத்திதான்" என்று அம்மா சொல்வார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போயின. அதைவிடப் பெரிய இழப்பு பேச்சு. இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம். எழுத வரவில்லை. நா எழாமல் போனதல்ல, சொற்களே அவருக்கு அகப்படாமல் போய்விட்டன என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் விளக்கினார். நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பது வெளியே வராது. வாழ்நாளெல்லாம் பேசியே சம்பாதித்தவர். "ஆ", "ம்", இரண்டுதான் மிச்சம்.

கடைவீட்டு மாடியைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. நடந்துகொண்டிருந்த வழக்குகளை அப்பாவின் நண்பரான ஒரு வழக்கறிஞர் எடுத்துக்கொண்டார். மற்றவை எங்கள் வீட்டு நடு அறைக்கு வந்தன. சுவரோரமாக, என் தோள் உயரத்துக்கு.

அப்பாவின் கோப்புகள் அகர வரிசையில் இல்லை, வருஷ வரிசையிலும் இல்லை. இரண்டு அல்லது மூன்று கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து, வழக்கறிஞர்கள் பயன்படுத்தும் இளஞ்சிவப்புத் துணி நாடாவால் கட்டியிருந்தார். ஒரு கட்டுக்குள் குடியுரிமை விண்ணப்பமும் யாரோ ஒருவரின் உயிலும் இருக்கும். இன்னொன்றில் விண்ணப்பமும் வாடகை ஒப்பந்தமும். அலமாரியில் இடம் போதாமல் கைக்குக் கிடைத்ததைக் கட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

தொழிற்சாலையில் ஐந்து எஸ் என்று ஒரு முறை சொல்லிக்கொடுப்பார்கள். முதல் படி பிரிப்பது. அடுத்தது வரிசைப்படுத்துவது. மூன்று வார இறுதிகள் அதைச் செய்தேன். கட்டுகளை அவிழ்த்தேன். அவிழாத முடிச்சுகளைக் கத்தரித்தேன். நாடாக்களைச் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். குடியுரிமை தனி, நிலம் தனி, உயில் தனி, விவாகரத்து தனி. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கணினியில் ஏற்றினேன்: என்ன விஷயம், யாருடையது, முகவரி, எப்போது முடிந்தது.

முடிந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆனவற்றை வைத்திருக்கத் தேவையில்லை என்று அந்த வழக்கறிஞர் சொல்லியிருந்தார். "உள்ள அசல் பத்திரம் ஏதாவது கெடக்கான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போடும்மா" என்றும் சொன்னார். முதல் இரண்டு பெட்டிகளில் உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அட்டையை மட்டும் பார்த்தேன். அறுபத்து நான்கு கோப்புகள். காகிதம் அரைக்கும் லாரிக்காரர் வாசலில் நின்று ஏற்றிக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நடு அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரே அளவான பெட்டிகள், ஒரே உயரத்தில் வெள்ளை வில்லைகள். அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு அழுதார். தோள் குலுங்க, சத்தமே இல்லாமல்.

பக்கவாதத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வருவது உண்டு என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். நான் வைத்திருந்த உடல்நலக் குறிப்பேட்டில் அன்றைய தேதியிட்டு எழுதினேன்: அழுகை, ஏழு நிமிடம், காரணம் இல்லை.

அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு புதுச் செய்கை வந்தது. இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காற்றில் வட்டமாகச் சுற்றுவார். என்னைப் பார்த்துச் சுற்றுவார், பெட்டிகளைப் பார்த்துச் சுற்றுவார்.

"ரேடியோவத் திருப்பச் சொல்றாரு" என்றார் அம்மா. திருப்பினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

உடற்பயிற்சி தருகிறவர் பார்த்துவிட்டு, "வெரி குட் அங்கிள், நல்ல எக்ஸர்சைஸ்" என்றார். நான் அதை அட்டவணையில் சேர்த்தேன். விரல் சுற்றுதல், காலையில் பத்து, மாலையில் பத்து. சில நாட்களில் நானே அவர் விரலைப் பிடித்துச் சுற்றிவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த அக்கா வந்தார். கையில் பழுப்பு உறை. கடையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் நுனிகள் சவக்காரத்தில் ஊறி வெளுத்திருந்தன. அப்பா இடது கையைத் தூக்கினார்.

"ஒய்.பி. அண்ணே, கூப்ட்டாங்கண்ணே" என்று உறையை அவர் மடியில் வைத்தார். "பதினோரு வருஷம்ணே. கூப்ட்டாங்க."

ஐந்து வாரத்தில் நேர்காணல். துணை ஆவணங்களின் அசல்களைக் கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

"பத்து விநாடி இருங்க அக்கா" என்றேன். உண்மையில் அவ்வளவுகூட ஆகவில்லை. பெயரைத் தட்டினேன், பெட்டி எண் வந்தது, கோப்பை எடுத்து வந்தேன்.

"எப்படி மா இவ்வளோ சீக்கிரமா எடுத்த? அண்ணேன்னா அரை மணி நேரம் தேடுவாரு, நடுவுல நாலு கதை சொல்லுவாரு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோப்பைத் திறந்தேன். விண்ணப்பம், பழைய நிராகரிப்புக் கடிதம், புகைப்படங்கள், சிவப்பு அட்டையின் நகல். சாட்சியின் பிரமாணப் பத்திரம் மட்டும் இல்லை. முன் அட்டையின் உட்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பிறப்புச் சாட்சி, அசல் பக்கத்துக் கோப்பில்.

சத்தமாகவே படித்துவிட்டேன்.

"பக்கத்து ஃபைல்னா எது?" என்றார் அம்மா.

அடுத்த எண்ணுள்ள கோப்பை நினைத்தேன். அந்த எண்ணைக் கொடுத்ததே நான்தான்.

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். விரலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கோப்பின்மேல் இன்னொன்றை வைத்து நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிற விரல். ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் முறை பிறகு எனக்குப் புரிந்தது. சாட்சி சொன்னவர் பெரும்பாலும் அப்பாவிடம் வேறு ஏதோ வேலையாக வந்தவர். அவருக்கென்று ஒரு கோப்பு இருக்கும். அவருடைய வாக்குமூலத்தின் அசலை அப்பா அந்தக் கோப்பில் வைத்து, விண்ணப்பக்காரரின் கோப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். சாட்சிகள் வயதானவர்கள். வீடு மாறுவார்கள், நோயில் படுப்பார்கள். எப்போது அந்தக் கோப்பை எடுத்தாலும், இவரை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்று நாடா சொல்லும். யாருக்கு யார் சாட்சி என்பதற்குத் தனியாகப் பட்டியல் எதுவும் இல்லை. அது அந்தக் கட்டுகளில் மட்டும்தான் இருந்தது. அதைத்தான் நான் சுத்தம் செய்திருந்தேன்.

"பத்திரம் இங்கதான் எங்கயோ இருக்கும் அக்கா. தேடி எடுத்துத் தர்றேன்" என்றேன். அரைத்துப் போட்டதைப் பற்றி அப்போது சொல்லவில்லை.

இரண்டு வாரம், வேலை முடிந்து வந்ததும், ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா கடை முடித்து வந்து, படிக்கத் தெரியாத மலாய்ப் பத்திரங்களில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தார். மற்றவர்களின் பிரமாணப் பத்திரங்கள் கிடைத்தன. அக்காவுடையது கிடைக்கவில்லை.

கடைசிப் பெட்டியும் முடிந்த பிறகு, வேறு வழியில்லாமல், அறுபத்து நான்கு வரிகள் கொண்ட அந்தப் பட்டியலை அச்செடுத்தேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டு, எழுதியதில் ஒன்றையும் சொல்லாமல், "நான் தெரியாம அரைக்கப் போட்டுட்டேன் அக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "சரி மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பட்டியலை அப்பாவின் முன்னால் ஓர் அட்டைமேல் வைத்தேன். என் விரலை முதல் வரியில் வைத்து மெல்லக் கீழே இறக்கினேன். ஒவ்வொரு பெயரையும் முகவரியையும் படித்தேன். இருபத்தேழாவது வரியில் அவருடைய இடது கை என் விரல்மேல் விழுந்து அழுத்தியது. சரிபார்ப்பதற்காக மேலே போய் மறுபடி இறங்கி வந்தேன். அதே வரியில் அழுத்தினார். அன்று அவர் அழவில்லை. என் விரலை விடவும் இல்லை.

நில மாற்றம். ஒரு சீனப் பெண்மணி. முகவரி ஜுரு. அந்தத் தெருவில் ஒரு கார் பட்டறை இருக்கிறது. ஆறு வருஷமாக வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறையை நடத்துகிறவர் அந்தப் பெண்மணியின் தம்பி மகன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே மலாயில் பேசினார். அத்தை ஒரு காலத்தில் தீவின் மறுபக்கத்தில் உள்ள பாலிக் புலாவில் மருத்துவச்சியாக இருந்தவர். வயதானதும் அங்கிருந்த சின்ன நிலத்தை விற்றுவிட்டு இவரோடு வந்து இருந்தார். அத்தை இறந்து மூன்று மாதமாகிறது.

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அப்பா விரலைச் சுற்ற ஆரம்பித்து முதல் இரண்டு மாதம் அந்த மருத்துவச்சி உயிரோடு இருந்திருக்கிறார். அப்போதே எனக்குப் புரிந்திருந்தால், அவரை நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி ஒரு பிரமாணம் எழுதி வாங்கியிருக்கலாம்.

"அந்த லாயர் நல்லா இருக்கிறாரா?" என்று பட்டறைக்காரர் கேட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா வருவாராம். ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவாராம். "அத்தை இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க வருகிறார் என்று நாங்கள் சிரிப்போம்" என்றார். சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எதற்கு வந்தோம் என்று நான் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு மூன்கேக் டின்னைக் கொண்டுவந்தார். அத்தையின் காகிதங்கள். மருத்துவமனை அட்டைகள், பழைய ரசீதுகள். அடியில், நான்காக மடித்து, அப்பாவின் அலுவலக முத்திரையோடு அந்தப் பிரமாணப் பத்திரத்தின் நகல். நகல்தான். மருத்துவச்சியின் கையெழுத்து கறுப்பும் சாம்பலுமாக மங்கி விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அக்காவை உட்காரவைத்து, மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அன்று பாலிக் புலாவில் மழை. ஜாதிக்காய்த் தோட்டத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. காயவைத்த ஜாதிக்காய்ப் பாய்களை எல்லாரும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் அழவில்லை, பிறகு அழுதது. வரும் வழியில் சேற்றில் மருத்துவச்சியின் செருப்பு போய்விட்டது. திரும்பும்போது குழந்தையின் தகப்பன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். அது அவருக்கு மிகப் பெரிது. இழுத்து இழுத்து நடந்து வீட்டுக்கு வந்தார். அதனால் அந்த நாள் தனக்கு மறக்கவில்லை என்று சத்தியமாகச் சொல்கிறார்.

அக்காவுக்கு நாலு வயதாவதற்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். உறவினர் ஒருவர் ஜெலுத்தோங்குக்குக் கூட்டிவந்து வளர்த்தார். அப்பா அம்மாவைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை.

"எங்கப்பா செருப்பு போட்டிருந்தாரா?" என்றார் அக்கா. அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா விரலைச் சுற்றினார். இந்த முறை நான் ரேடியோ பக்கம் போகவில்லை. பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன். ஒரு புது அட்டையில் மருத்துவச்சியின் பெயரை எழுதி, அந்த நகலை உள்ளே வைத்தேன். அதன்மேல் அக்காவின் கோப்பு. நாடாவை அப்பாவே எடுத்தார். ஒரு கையால் சுற்றலாம், முடிச்சுப் போட முடியாது. நாடா குறுக்கே போகும் இடத்தில் என் விரலை வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் ஒரு முனையை இழுத்தார், மறுமுனையை அக்கா பிடித்தார். முடிச்சு கோணலாக விழுந்தது.

"அண்ணே, இது அவுந்துரும் போல இருக்கே" என்றார் அக்கா.

அப்பாவின் வாயின் இடது ஓரம் சிரித்தது.

பட்டறைக்காரர் ஒரு நாள் மதியத்தோடு கடையை மூடிவிட்டு வந்து, இந்த நகல் தன் அத்தையின் டின்னில் இருந்து எடுக்கப்பட்டது, அதில் இருப்பது அத்தையின் கையெழுத்துதான் என்று ஒரு பிரமாணம் செய்துகொடுத்தார். அதையும் அந்தக் கட்டில் சேர்த்தேன். அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தோன்றியது அதுதான்.

நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அப்பா இறந்தார். இரண்டாவது பக்கவாதம். காலையில் தோசை ஊட்டிவிட்டு அம்மா தட்டைக் கழுவப் போனார். திரும்பி வந்தபோது தலை சாய்ந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கோப்புக் கட்டில் இருந்தவர்கள். யார் யாரோடு என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளின்மேல் இருந்த பதாகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்.

நேர்காணலுக்கு நான் விடுப்பு எடுத்து அக்காவோடு போனேன். அதிகாரி அசலைக் கேட்டார். அசல் என்னால் அழிந்தது என்று சொன்னேன். நகலைப் பார்த்தார், பட்டறைக்காரரின் பிரமாணத்தைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். இதைத் தயாரித்த வழக்கறிஞர் ஏன் வரவில்லை என்று அக்காவிடம் மலாயில் கேட்டார். "இறந்துவிட்டார், துவான். ஒன்பது நாளாகிறது" என்றார் அக்கா. பிறகு அதிகாரி, எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார். அக்கா மழையிலிருந்து ஆரம்பித்தார். செருப்பு வரைக்கும் நிறுத்தாமல் சொன்னார். அதிகாரி நடுவில் குறுக்கிடவில்லை.

வெளியே வந்ததும், "சரியா சொன்னேனா மா?" என்றார்.

"சரியா சொன்னீங்க அக்கா."

"அண்ணே கேட்டிருக்கணும்."

அது நடந்து எட்டு மாதமாகிறது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று இணையத்தில் வருகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதிய இடைவேளையில் பார்க்கிறேன். அக்காவிடம் இருப்பது இன்னும் சிவப்பு அட்டைதான். அவருக்கு ஓட்டு இல்லை. பெட்டிகளில் மீதமிருக்கும் கோப்புகளில் நாற்பத்தொரு கட்டுகளை, கிடைத்த பத்திரங்களைப் பார்த்தும், சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் போய்க் கேட்டும், மறுபடி கட்டியிருக்கிறேன். அசல் அரைபட்டுப்போன மற்றவற்றில் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நாடாக்கள் டின்னில் இருக்கின்றன.